முகங்கள் வராத நீதிமன்றம்

மீன் பரிமாறுகிற பெண் ட்ரீனாதானா இல்லையா என்று தெரியாமல் காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மீன் ஆறிவிட்டது. எண்ணெய் தட்டில் ஊறிப் பாவாடையில் ஒரு வட்டம் விழுந்திருக்கும், எழுந்து நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள், நூற்றைம்பது பேர் இருக்கலாம், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானத்தில் கெளுத்தி மீன் பொரியலும் சோளமாவு உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டே வேட்பாளர்களைக் கேட்கிறார்கள், ஒருவருக்கு மூன்று நிமிஷம், வாக்குச்சீட்டில் வரும் வரிசைப்படி. ஷெரீஃப் வேலைக்கு நிற்கிறவர் இப்போது பேசுகிறார். அவருக்குப் பின் கவுண்டி எழுத்தர், அப்புறம் பள்ளி வாரியத்துக்காரர்கள் நான்கு பேர், கடைசியில்தான் நாங்கள், மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நிற்கிறவர்கள், இந்த மாநிலத்தில் நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் அடியில் இருப்போம், பாதிப்பேர் அதுவரை வருவதே இல்லை. வந்தாலும் இரண்டு பெயர்கள்தான் இருக்கும், ஹார்லன் பிரிட்சர்ட், அரசி நல்லசிவம், பெயர் பக்கத்தில் கட்சி கிடையாது, எதுவும் கிடையாது. மீனுக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், ஒண்ணா ரெண்டா என்று. ஒன்று என்றேன். இரண்டு துண்டு வைத்தாள். தலையில் வலைத்தொப்பி, முகம் முன்னைவிடச் சதை போட்டிருந்தது, எட்டு வருஷத்தில் யாருக்குத்தான் போடவில்லை. நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். தெரிந்த பார்வையா, எனக்குப் பின்னால் நின்றவரை நகரச் சொல்லும் பார்வையா, அதுதான் தெரியவில்லை.

வாசலில் துண்டறிக்கை கொடுத்தபோது ஒரு கிழவர், சோளம் விதைக்கிறவராம், எந்தக் கட்சி என்று கேட்டார். இந்தப் பதவிக்குக் கட்சி இல்லை, சட்டமே அப்படித்தான் என்றேன். அப்போ நான் எதை வெச்சுப் போடறது என்றார். நியாயமான கேள்வி. பிறந்து வளர்ந்த தாராபுரத்தில் எங்கள் காம்பவுண்டுச் சுவரைக்கூட ஒரு கட்சிக்காரர்கள் மூன்று வருஷம் முன்கூட்டியே எழுதிப் பிடித்து வைத்திருந்தார்கள், சின்னத்தைப் பார்த்தால் போதும், ஆளின் பெயரே வேண்டாம். இங்கே பெயர் மட்டும்தான், அதுவும் என் பெயர். மங்கையர்க்கரசி என்றிருந்ததை நாற்பது வயதிலேயே அரசி ஆக்கிக்கொண்டேன், அதையும் இன்னும் வெட்டு என்றார் ஒரு நண்பர், ஆர் நல் என்று போட்டுக்கொள், ஏதோ நார்வேக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து கணவர் நல்லசிவத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அது எங்கப்பன் வெச்ச பேரு என்று மட்டும் சொன்னார். பிரிட்சர்டின் தாத்தா பெயரில் இந்த ஊருக்குள் ஒரு சாலையே இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு வர அந்தச் சாலை வழியாகத்தான் வந்தோம். கிழவர் அடுத்துக் கேட்டதுதான் நிஜமான கேள்வி, எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், இப்போதே நீதிபதியாகத்தானே இருக்கிறீர்கள், இன்னும் இரண்டு வருஷம் அந்த நாற்காலி இருக்கிறதே, எதற்கு அங்கே போக வேண்டும் என்று. அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், அட்டையில் எழுதி, பதினோரு வருஷ அனுபவம், பொறுமை, சட்டத்தின் மேல் மரியாதை. நாற்பத்திரண்டு கூட்டங்களில் சொல்லியாகிவிட்டது. சொல்லும்போது என் குரல் நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அப்படித் தெரிவதுதான் பிடிக்கவில்லை.

அவள்தான். காதுக்குப் பக்கத்தில் அந்தத் தழும்பு, கோழி ஆலையில் கொக்கி கிழித்தது. அந்த ஆலையில்தான் முதுகும் போனது, முதுகுக்குத்தான் வலி மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரையை விட முடியாமல் போனது, இதெல்லாம் வழக்குக் கோப்பில் வரிசையாக இருந்தது. இல்லை, தழும்பை நான் இப்போது பார்த்தேனா, நினைத்துக்கொள்கிறேனா? வலைத்தொப்பி காதை மூடியிருந்ததே. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் நீதிமன்றத்தில் ட்ரீனாவுக்கு இருபத்தெட்டு வயது, அவள் பெண் மேஸிக்கு நாலு. குழந்தைகள் நலத்துறை அலுவலர் சாட்சி சொன்னார், குழந்தை சமையலறைத் தரையில் தனியாகக் கிடந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தாய் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. மூன்று வாய்தாவுக்கு அவள் வரவில்லை. நாலாவதற்கு வந்தாள், யாரோ கொடுத்த பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு. தாய் என்ற உரிமை இன்றோடு முடிந்தது என்கிற உத்தரவை நான் வாசித்தேன். மேஸி இனி வேறொரு குடும்பத்தின் பெண். அந்த உத்தரவில் எனக்குச் சந்தேகம் இல்லை, அன்றும் இல்லை இன்றும் இல்லை, மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் பதினோரு வரியில் அதை உறுதிசெய்தார்கள். எனக்குத் தைப்பது உத்தரவு இல்லை. வாசித்து முடித்ததும் அவள் அழுவாள் என்று காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எழுத்தர் நகர்த்தி வைத்தார். அவள் அழவில்லை. எழுந்து நின்று, அம்மா ஒரு விஷயம், அவள் தலைமுடியை நனைக்காமல் வாரக் கூடாது, முடிச்சு விழும், கத்துவாள், புது வீட்டில் யாராவது சொல்லிவிடுங்கள் என்றாள். நான் சொன்னேன், அது இந்த நீதிமன்றத்தின் முன் இல்லை. ஐந்து சொல். வேறு எதுவும் வாய்க்கு வரவில்லையா, வக்கீல்கள் கேட்கக் கூடாததைக் கேட்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம், அதுவாக வந்துவிட்டது, வந்த பின் அடுத்த வழக்கு என்றேன். அவள் போய்விட்டாள். ஒரு சீட்டில் எழுதி அந்த அலுவலரிடம் கொடுத்திருந்தால் முடிந்தது, அரை நிமிஷ வேலை. எழுதவில்லை. சாயங்காலம் எழுதலாம் என்றிருந்தேன், சாயங்காலம் வேறு கோப்பு.

ஷெரீஃப் உட்கார்ந்துவிட்டார், கைத்தட்டல், கவுண்டி எழுத்தர் வேலைக்கு நிற்கும் அம்மாள் தன் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறாள். எங்கப்பா தாராபுரம் முன்சீப் கோர்ட்டில் அமீனா. சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும், வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும் உத்தரவை நிறைவேற்றுவதும் அவர் வேலை. நீதிபதி ஐயா கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவார், அப்பா அந்தக் காகிதத்தோடு சைக்கிளில் போய் ஒரு வீட்டு வாசலில் நிற்பார், உள்ளே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும், அவர்கள் ஏசுவது நீதிபதியை இல்லை, அப்பாவை. அப்படிப் போன நாட்களில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் சொன்னது ஒன்றுதான், கையெழுத்துப் போடற எடத்துக்குப் போயிரு கண்ணு, வாசல்ல நிக்கிற எடத்துக்குப் போயிராதே. போனேன். போய்ப் பார்த்தால் இங்கே விசாரணை நீதிபதிக்கு இரண்டும் ஒரே இடம். வாசல் என் மேஜைக்கு முன்னால் இருக்கிறது. பதினோரு வருஷமாக வந்து நிற்கிறார்கள், நிமிர்ந்தால் ஒரு முகம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அப்படி இல்லை. மேலே சாட்சி இல்லை, பிள்ளை இல்லை, கோட்டு இல்லை, தட்டச்சு செய்த பக்கங்கள் மட்டும் வரும், மிஞ்சினால் இரண்டு வக்கீல்கள் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். அதற்குத்தானா? இப்படி நேராக என்னை நான் கேட்டதில்லை, இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆறின மீனைப் பார்க்கும்வரை கேட்டதில்லை. ஒரு வருஷமாக ஊர் ஊராக வண்டி ஓட்டி, தெரியாதவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கி, இத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்ததெல்லாம் இனிமேல் முகமே பார்க்காமல் இருப்பதற்கா?

பக்கத்து நாற்காலியில் பிரிட்சர்ட் வந்து உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது, நல்ல மனிதர், எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுவும் எரிச்சலாக இருக்கிறது. கீழ்ப்பல்லில் கட்டி வந்திருக்கிறதாம், மீனை ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். கடைசி ஆளாகப் பேசுவதற்குள் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும் அரசி, நமக்கு நாமே கைதட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் கண் சமையலறைப் பக்கமே போனது. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும். அவள் வலைத்தொப்பியோடு வெளியே வந்து கை தூக்கினால்? என் பெண்ணை எடுத்துக் கொடுத்தீர்களே என்று கேட்டால் நான் வாயைத் திறக்க முடியாது, குழந்தைகள் வழக்கைப் பற்றி நீதிபதி வெளியே பேசக் கூடாது, மன்னிக்கவும், அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை என்பேன், மறுபடியும் அதே மாதிரி ஒரு வாக்கியம், இந்தத் தடவை நூற்றைம்பது பேர் முன்னால். ஓட்டு போகும். போகட்டும் என்று நினைக்க முடியவில்லை, ஓட்டு வேண்டும், எனக்கு அந்த இடம் வேண்டும், அவள் அங்கே நிற்கும்போதும் வேண்டும், வெட்கமாக இருக்கிறது. நல்லசிவம் கையில் சுத்தியலோடு உள்ளே வந்தார், வாசலில் என் பெயர்ப் பலகையைப் புல்லில் அடித்துவிட்டு, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. விவசாயக் கல்லூரியில் மண் பரிசோதனை சொல்லிக்கொடுக்கிறவர், எந்த ஊர்ப் புல்வெளியில் குச்சி நிற்கும், எதில் சாயும் என்று இப்போது அவருக்குத்தான் தெரியும். குனிந்து, என்ன அரசி, மீனத் தொடவே இல்லையாட்ட இருக்குது என்றார். பசிக்கலைங்க என்றேன். பயமா இருக்குதா என்றார். அவரிடம் சொன்னதில்லை. வழக்கைச் சொல்ல முடியாது, சரி, அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம், பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல். எட்டு வருஷமாகத் தலை வாரும்போதெல்லாம் சீப்பை நனைத்துக்கொள்கிறேன், அது ஏன் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கையக் கழுவிட்டு வந்தர்றேன் என்று எழுந்துவிட்டேன். எண்ணெய் வட்டம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

சமையலறையில் அவள் மட்டும்தான் இருந்தாள், எனக்கு முதுகு காட்டி, மாவில் புரட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டுக்கொண்டு. நான் எதுவும் சொல்வதற்கு முன், எப்போ வருவீங்கன்னுதான் பார்த்துட்டிருந்தேன் ஜட்ஜ் என்றாள், திரும்பாமல். குப்பைத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளாகவே சொன்னாள், பேச்சில் அவசரம் இல்லை. மாத்திரையைத் தொட்டு ஆறு வருஷம் நாலு மாசம் ஆகிறதாம். இந்த நிலையத்துத் தீயணைப்புக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கால்நடைத் தீவனக் கடையில் வேலை. மேஸிக்கு இப்போது பன்னிரண்டு. எங்கே என்று தெரியாது. முதல் மூன்று வருஷம் குழந்தைகள் நலத்துறை மூலமாக வருஷத்துக்கு ஒரு படம் வந்தது, பிறகு வரவில்லை. உத்தரவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அன்னிக்கு நான் இருந்த நிலைமைல என் கையில ஒரு பூனைக்குட்டியக்கூட யாரும் கொடுத்திருக்கக் கூடாது என்றாள். நான் பேசக் கூடாது. பேசக் கூடாது என்று தெரிந்துகொண்டே பேசினேன்.

“நீங்க அன்னிக்கு அவ தலைமுடியப் பத்திச் சொன்னீங்க. நனைக்காம வாரக் கூடாதுன்னு. நான் அதை யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்.”

அவள் திரும்பினாள். தழும்பு இருந்தது. புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள், புரியாத மாதிரி, நான் வேறு யாரோடோ பேசுகிற மாதிரி. நானா சொன்னேன் என்றாள். அன்னிக்கு நடந்ததுல பாதி எனக்கு ஞாபகமே இல்ல என்றாள். எட்டு வருஷமாக நான் சுமந்த வாக்கியம் அவளிடம் இல்லவே இல்லை. ஒரு நொடி நெஞ்சு லேசாகி, உடனே முன்னைவிடக் கனத்துப்போனது, ஏனென்றால் அவள் முகம் மெதுவாக மாறிக்கொண்டிருந்தது, கையில் இடுக்கி அப்படியே நிற்க, எங்கோ அடியிலிருந்து அது அவளுக்கு வந்துகொண்டிருந்தது. ஆமா, கத்துவா, குளிக்கற தொட்டிக்குள்ள உட்கார வெச்சுத்தான் வாரணும் என்றாள். நான் கொண்டுவந்து கொடுத்தது அது. மன்னிப்புக் கேட்க வந்தவள், அவளிடம் இல்லாத வலி ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறேன். எண்ணெயில் மீன் கறுக்கத் தொடங்கியது, அவள் அதை அள்ளித் தட்டில் போட்டாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஞாபகம் இருக்கறது வேற ஒண்ணு என்றாள். நான் உத்தரவை வாசித்தபோது ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேனாம். அவளுடைய வக்கீல்கூடத் தரையைத்தான் பார்த்தாராம். அப்புறம் மேலே இருந்து அந்தப் பதினோரு வரி தபாலில் வந்ததாம், அதை எழுதின மூன்று பேர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“போன வியாழக்கிழமையே, முன்கூட்டிப் போடறவங்களோட போயி, ஓட்டுப் போட்டுட்டேன் ஜட்ஜ். உங்களுக்குப் போடல. கோபத்துல இல்ல. நீங்களும் மேல போயிட்டா, என்னை மாதிரி வர்றவள இங்க யாரு பார்க்கறது?”

கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், அரிஸி என்று, பிறகு ஆர்கி என்று. போங்க, கூப்பிடறாங்க என்றாள் ட்ரீனா. நடந்துபோய் ஒலிபெருக்கி முன் நின்றேன். அட்டை நாற்காலியில் கிடந்தது, பிரிட்சர்ட் அதை என்னிடம் நீட்டுவதுபோல் தூக்கிக் காட்டினார், வாங்கிக்கொள்ளவில்லை. பாதிக் கூட்டம் போய்விடவில்லை, நூறு பேர் இருந்தார்கள், தாடையில் துணுக்கு ஒட்டியவர்கள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தவர்கள். பதினோரு வருஷமாக விசாரணை நீதிபதியாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தேன், அது பழக்கத்தில் வந்தது, அதற்கு மேல் சொன்னது பழக்கம் இல்லை. ஏன் மேலே போக வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அனுபவம், பொறுமை என்று சொல்லி வருகிறேன், அது பாதி உண்மை. மறுபாதி, என் முன்னால் வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அங்கே யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அது போவதற்கு நல்ல காரணமா என்று இன்று மத்தியானத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் உங்களிடம் ஓட்டுக் கேட்பது சரியில்லை, ஆனாலும் கேட்கிறேன், போனால் ஒவ்வொரு கோப்பையும் கடைசிப் பக்கம்வரை படிப்பேன். இதைச் சொல்லி முடிக்க ஒன்றேகால் நிமிஷம் ஆனது. மீதி நேரம் யாருக்கும் கேள்வி இல்லை. நாற்காலிகள் முனகின. பின்வரிசையில் நல்லசிவம் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, திருமணமான நாளிலிருந்து என்னிடம் காட்டாத ஒரு முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவில் ட்ரீனா நின்றாளா என்று பார்க்கத் துணிவில்லை, பார்க்காமலே உட்கார்ந்துவிட்டேன். பிரிட்சர்ட் எழுந்துபோய்த் தாத்தாவின் சாலையில் உள்ள குழிகளைப் பற்றி வழக்கமான வேடிக்கையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், மூச்சு விட இடம் கிடைத்தவர்கள் போல.

வீட்டுக்குப் போகிற எண்பது மைலும் நல்லசிவத்திடம் சொன்னேன், பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல். நவம்பரில் தோற்றேன், நாலு லட்சம் ஓட்டில் ஒன்பதாயிரம் குறைவு, அந்தக் கூட்டத்தில் பேசியதால் தோற்றேனா, பெயரால் தோற்றேனா, சாலை இல்லாததால் தோற்றேனா என்று யாராலும் சொல்ல முடியாது, பின்பக்கத்தில் அடியில் இருக்கும் பதவிக்கு யாரும் கணக்கெடுப்பு நடத்துவதில்லை. நிம்மதியாக இருந்ததா என்றால் இல்லை. அந்த அமைதியான அறை எனக்கு இன்னும் வேண்டும், இப்போது கேட்டாலும் போவேன். முடிவு வந்த மறுநாள் காலை ஒன்பதுக்கு என் நாற்காலியில் இருந்தேன். மூன்றாவது வழக்கு, ஒரு தகப்பன், லாரி ஓட்டுநர், மகன்களைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தான், கொடுக்க முடியாத வழக்கு, முடியாது என்று அவனைப் பார்த்தே சொன்னேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான், கைப்பிடியில் கை வைத்தவன் நின்று பாதி திரும்பினான், வாய் திறந்து மூடியது. எழுத்தர் அடுத்த கோப்பை எடுத்துப் பெயரைப் படிக்கத் தொடங்கியிருந்தார். இருங்கள் என்று அவரிடம் கை காட்டினேன். அவனைப் பார்த்து, சொல்லுங்கள் என்றேன்.